ஏழில் முடியாத அளவுகள்

மார்ச் மாதம் 12ஆம் தேதி, புதன்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தள அரங்கில் நடந்த மாணவர் ஆய்வுக் கண்காட்சியில், இருபத்து மூன்றாம் எண் தட்டியில், ஒரு மனிதரின் பன்னிரண்டு ஆண்டுப் பதிவுகள் “நேரில் அளக்கப்படாமல், இருந்த இடத்திலிருந்தே எழுதப்பட்டவை என்று கருத இடமுண்டு” என்று அச்சிடப்பட்டிருந்தது. அச்சிடும் முன் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. அவருடைய பதிவேட்டில் மூன்று பத்திகள் இருக்க, இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டது ஏன் என்பதும் விசாரிக்கப்படவில்லை. குற்றச்சாட்டு இவ்வளவுதான். அந்த மனிதர் யார் என்பதை இனிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் தட்டியில் அவர் ‘பதிவாளர் அ’ என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்தார்.

அவர் பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டிய பெரிய கிணற்றின் பம்ப் ஆபரேட்டர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே அறை, அதே கிணறு. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதை அவருடைய மனைவியும் கணக்குப் பிரிவும் தவிர யாரும் பயன்படுத்துவதில்லை. எல்லோருக்கும் அவர் ‘சென்டிமீட்டர்’. அந்தப் பெயரை வைத்தவர் யாரென்று தெரியவில்லை. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

காலை ஆறு இருபதுக்குச் சைக்கிளைப் பம்ப் அறைச் சுவரில் சாய்ப்பார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நுனியில் ஈயக்குண்டு கட்டிய அளவு நாடாவைக் கிணற்றின் விளிம்பிலிருந்து இறக்குவார். குண்டு தண்ணீரைத் தொடும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத் தலையைச் சாய்த்து நிற்பதைப் பார்த்தால், கிணற்றுக்குள் யாரோ அவரிடம் ரகசியம் சொல்வதுபோல் இருக்கும். ஒரு முறை அளந்து எழுதிவிட மாட்டார். மூன்று முறை இறக்கி, அவற்றில் இரண்டு அளவுகளாவது ஒத்துப்போக வேண்டும். பிறகே பதிவேட்டைத் திறப்பார்: தேதி, மணி, அளவு. அதன் பிறகே மோட்டார் ஓடும். ஆண்டுக்கு இரண்டு நோட்டு. மொத்தம் நாற்பத்து நான்கு.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். தசமப் புள்ளி, சராசரி, வரைபடம் எல்லாவற்றையும் பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய பாடநூல்களிலிருந்து தானாகக் கற்றுக்கொண்டார். விண்ணப்பம் எழுதும் முறையையும் அப்படியே. தனக்கு வந்த காகிதம் எதையும் அவர் கிழித்ததில்லை. வீட்டு அலமாரியில் பதினொரு கோப்புகள் இருந்தன. பன்னிரண்டாவதற்கு இடம் விட்டு வைத்திருந்தார். அந்த அலமாரியில் மனைவியின் புடவைகளுக்குக் கிடைத்தது கீழ்த்தட்டு மட்டும்.

அந்தக் கோப்புகளில் ஒன்று முழுவதும் மாணவர்களுடைய ஒப்புதல் படிவங்கள். அவரை வைத்து ஆய்வு செய்யாத துறை அங்கே குறைவு. உளவியல் மாணவர் ஒருவர், அதிகாலையில் எழுகிறவர்களுக்கு ஞாபகசக்தி அதிகமா என்று பார்த்துவிட்டுப் போனார். மொழியியல் மாணவி இருநூறு வார்த்தைகளைச் சொல்லவைத்துப் பதிவு செய்துகொண்டாள். உடற்கல்வித் துறையினர் அவருடைய உள்ளங்கைப் பிடியின் வலுவை அளந்தார்கள். விலங்கியல்காரர்கள் அவரை விட்டுவிட்டுக் கிணற்றில் இருந்த பூச்சிகளைப் பிடித்துப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் கையெழுத்திடும் முன் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கினார். முடிவு தெரிந்ததும் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொண்டார். முடிவு வந்தது பூச்சிகளுக்கு மட்டுமே.

ஆகவே நிலவியல் மாணவி வந்து, “அண்ணா, உங்க நோட்டுல பன்னெண்டு வருஷம் மட்டும் குடுங்க, என் தீசிஸே அதுலதான் நிக்குது” என்றபோது அவருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. முதல் தடவையாக ஒரு துறை அவரை விட்டுவிட்டு அவர் எழுதியதைக் கேட்டது. இருபத்து நான்கு நோட்டுகளை ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தார். அவள் எண்களைக் கணினியில் ஏற்றி, துறைத் தலைவரிடம் காட்டினாள். ஜனவரி 9ஆம் தேதி துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: மே 31இல் இவர் ஓய்வு பெறும்போது, நாற்பத்து நான்கு நோட்டுகளும் ‘நீண்டகால நீர்மட்டப் பதிவு’ என்ற தலைப்பில் துறை நூலகத்தில் ஏற்றுக்கொள்ளப்படும்.

அந்தக் கடிதத்துக்கு மட்டும் அவர் மூன்று நகல் எடுத்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் ஏற்றிய தண்ணீரெல்லாம் குழாய் வழியாகப் போய்விட்டது. குடித்தவர்கள் படித்து முடித்துக் கிளம்பிவிட்டார்கள். அவருடைய வேலையில் ஓரிடத்தில் தங்கி நிற்கக்கூடியது அந்த நோட்டுகள் மட்டும்தான்.

இந்த நிலையில்தான் மார்ச் 12 வந்தது.

கண்காட்சிக்கு அவர் ஆண்டுதோறும் முறைப்படி ஒரு மணிநேர அனுமதி வாங்கிக்கொண்டு போவார். அந்த ஆண்டு ஐம்பதுக்கு மேல் தட்டிகள் வைத்திருந்தார்கள். ஈரச் சுவரில் பூஞ்சை பரவும் வேகம். தட்டச்சு செய்கிறவர்களின் மணிக்கட்டு வலி. ஆறு மாதக் குழந்தை எந்தச் சத்தத்துக்குத் திரும்பும். பழைய செங்கல்லை அரைத்துச் சிமெண்டில் கலந்தால் எவ்வளவு தாங்கும். வழக்கு ஒன்றுக்கு எத்தனை வாய்தா. வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனையாவது நிமிடத்தில் முணுமுணுக்கத் தொடங்குவார்கள். வரிசை பற்றிய அந்தத் தட்டியின் முன்னே அவர் நின்று, சம்பந்தப்பட்ட மாணவனிடம், “தம்பி, ஏழாவது நிமிஷம்னு போட்டிருக்கீங்க. எங்க ஆபீசுல வந்து நின்னு பாருங்க, ரெண்டாவது நிமிஷமே ஆரம்பிச்சிடுவாங்க” என்று ஒரு திருத்தமும் சொன்னார். அதற்கு அடுத்தது இருபத்து மூன்று.

தட்டியில் பெரிய எழுத்தில் ‘மனம் எழுதும் எண்கள்’ என்று இருந்தது. பக்கத்தில் புள்ளியியல் மாணவி கையில் குச்சியோடு நின்றாள். மெலிந்த பெண், பேச்சில் வேகம்.

“ஒருத்தர் உண்மையாவே அளந்து எழுதினா, கடைசி எண் பூஜ்யத்துலேருந்து ஒன்பது வரைக்கும் ஏறக்குறைய சமமா வரும் சார். மனசுல தோணுறத எழுதினா அப்படி வராது. சில எண்ண மனசு அதுவா ஒதுக்கிடும்.”

“சரி.”

“இங்க பாருங்க. நாலாயிரத்து முந்நூத்துச் சொச்சம் பதிவு. பத்து கம்பம் நிக்கணும். ஒண்ணைக் காணோம். பக்கத்துக் கம்பம் ரெண்டு மடங்கு உயரம்.”

அவர் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். “பொக்கை வாயில ஒரு சிங்கப்பல்லு மாதிரி இருக்கு.”

மாணவி சிரித்துவிட்டாள். “எங்க கைடுகிட்ட இதைச் சொல்லணும்.”

“அப்போ இந்த ஆளு ஏமாத்திட்டான்.”

“அப்படிக் கருத இடமுண்டு.”

“என்னம்மா கருதுறது? பன்னெண்டு வருஷம் உக்காந்த இடத்துல கதை எழுதியிருக்கான். இந்த மாதிரி ஆளை வேலையில வெச்சதே தப்பு. நீ பேரு போட்டிருக்கணும்.”

“பேரு போடக் கூடாது சார். ஆய்வு நெறிமுறை.”

“இவனுக்கெல்லாம் என்ன நெறிமுறை?”

சுற்றி நின்ற நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். அவர் இன்னும் ஒரு வாக்கியம் சொல்ல வாயெடுத்தார். அப்போது தட்டியின் அடிப்பகுதியில் ஒட்டியிருந்த படம் கண்ணில் பட்டது. பதிவேட்டின் ஒரு பக்கம். பெயர் இருக்கும் இடம் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தது. மறைக்கப்படாத இடத்தில் பச்சை மையால் இழுத்த கோடுகள் தெரிந்தன. அலுவலகம் கொடுத்த மை நீலம். பச்சை மையைத் தன் கைக்காசில் வாங்கிக் கோடு இழுப்பவர் அந்த வளாகத்தில் ஒருவர்தான் உண்டு.

“இந்த நோட்டு எங்கேருந்து வந்துச்சு?”

“ஜியாலஜி ஃப்ரெண்ட் ஒருத்தி டேட்டா குடுத்தா. அவளுக்கு பம்ப் ஹவுஸ்ல யாரோ குடுத்தாங்களாம்.”

“சரிம்மா.”

வாங்கிய ஒரு மணிநேர அனுமதியில் இருபத்தைந்து நிமிடம் மீதமிருக்கும்போதே அவர் பம்ப் அறைக்குத் திரும்பிவிட்டார். இப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

மாலை வீட்டுக்குப் போனபோது மனைவி தையல் இயந்திரத்தில் இருந்தார். பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். கழுத்தில் எப்போதும் ஓர் அளவு நாடா தொங்கும். ஒரு வீட்டில் இரண்டு நாடா என்று அக்கம்பக்கத்தில் ஒரு கேலி உண்டு.

“ஏங்க, யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி வர்றீங்க?”

“நானே என்னைத் திட்டிட்டு வந்திருக்கேன். அதுவும் நாலு பேர் முன்னாடி.”

“அது நான் பார்த்துக்குற வேலையாச்சே. நீங்க எதுக்கு அதுல கை வெச்சீங்க?”

அவர் நடந்ததைச் சொன்னார். மனைவி பாவாடை மடிப்பை ஊசியால் குத்திக்கொண்டே கேட்டார்.

“சரி, பன்னெண்டு வருஷத்துல ஒரு ஏழு கூடவா வரல?”

“வரும். பத்து நாளைக்கு ஒரு தடவை வரத்தான் செய்யும்.”

“வந்தா?”

“காத்திருப்பேன்.”

“எதுக்கு?”

“எட்டு வர்ற வரைக்கும்.”

இயந்திரம் நின்றது. “முப்பது வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். இதை ஒரு நாளும் சொன்னதில்லையே நீங்க.”

“நீ கேக்கலையே.”

எழுந்து போய் நான்காம் கோப்பைக் கொண்டுவந்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கோடை. அன்று அவர் பதிவேட்டில் எழுதியது, விளிம்பிலிருந்து தண்ணீர் வரை ஆறு மீட்டர் இருபத்தேழு. மாத அறிக்கை தயாரித்த எழுத்தர் அந்த ஏழை ஒன்று என்று படித்துவிட்டார். கொளுத்தும் வெயிலில் கிணற்று நீர் ஆறு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதாக அறிக்கை போனது. அப்போதிருந்த பொறியாளர் மனம் குளிர்ந்து, புல்வெளிக்குத் தினம் இரண்டு மணிநேரம் கூடுதலாகத் தண்ணீர் விட உத்தரவிட்டார். நான்காம் நாள் நீர்மட்டம் இறங்கி, குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு காற்றை உறிஞ்சியது, மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்தது, விடுதிகளில் மூன்று நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எழுத்தருக்கு ஒன்றும் ஆகவில்லை. மெமோ வந்தது இவருக்கு.

பொறியாளர் கூப்பிட்டு, “இனிமே இந்தக் குழப்பம் வரவே வராதுன்னு எழுதிக் குடு” என்றார். வேறொருவராக இருந்தால் ‘இனிக் கவனமாக இருப்பேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார். இவர் ஓர் இரவு முழுக்க யோசித்து எழுதினார்: ‘கடைசி இலக்கம் ஏழாக முடியும் எந்த அளவும் இனிப் பதிவேட்டில் இடம்பெறாது என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.’ பொறியாளர் அதைப் படித்தாரா என்பது சந்தேகம். ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்பதில்தான் சிக்கல் எழுந்தது. ஏழு வரும் நாளில் ஆறு என்றோ எட்டு என்றோ எழுதினால் அது பொய். பொய் எழுத அவருக்குக் கை வராது. ஆகவே ஏழு வந்தால் எழுதாமல் மோட்டாரை ஓடவிடுவார். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். மீண்டும் மூன்று முறை அளப்பார். எட்டு வந்ததும் எழுதுவார், அளந்த மணியோடு. மற்ற நாட்களில் ஆறு முப்பது என்றிருக்கும் இடத்தில் அன்று ஆறு நாற்பத்திரண்டு என்றிருக்கும். பத்தொன்பது ஆண்டுகளில் இது நடை பழகியதுபோல் பழகிப்போய், தான் ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைவே அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

மனைவி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ஏங்க, அந்த ஏழுக்கு நடுவுல குறுக்கா ஒரு சின்னக் கோடு போட்டிருந்தா யாரும் ஒண்ணுன்னு படிச்சிருக்க மாட்டாங்களே?”

பத்தொன்பது ஆண்டுகளில் அது அவருக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள், 13ஆம் தேதி, மதிய இடைவேளையில், நிலவியல் மாணவி திருப்பித் தந்திருந்த நோட்டுகளில் ஓர் ஆண்டுக்குரிய இரண்டைப் பையில் வைத்துக்கொண்டு புள்ளியியல் துறைக்குப் போனார். மாணவி அவரை அடையாளம் கண்டுகொண்டு, “சார், நேத்து நல்லா பேசினீங்க” என்றாள்.

“நான்தாம்மா அந்தப் பதிவாளர் அ.”

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவர் நோட்டைத் திறந்து, மணிப் பத்தியில் விரலை வைத்தார். அவள் ஒரு பக்கம் பார்த்தாள், பிறகு ஒரு மாதம், பிறகு ஓர் ஆண்டு. பென்சிலால் எண்ணிக்கொண்டே போனவள் நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

“ஐயா, இந்த வருஷத்துல முப்பத்தாறு நாள் மணி மாறியிருக்கு. அந்த முப்பத்தாறு நாளும் எட்டு. காணாமப் போன ஏழெல்லாம் இங்க இருக்கு.”

“அதைத்தான் சொல்ல வந்தேன். உக்காந்த இடத்துல எழுதினவனுக்கு எதுக்கும்மா இத்தனை விதவிதமான மணி?”

“நீங்க அளந்தீங்க. சந்தேகமே இல்ல. ஆனா…” அவள் பென்சிலை உருட்டினாள். “இந்த முப்பத்தாறும் மோட்டார் ஓடினதுக்கப்புறம் எடுத்தது. மத்ததெல்லாம் ஓடுறதுக்கு முன்னாடி. ரெண்டும் ஒண்ணாகாதே.”

“கிணறு ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான்.”

“நாடா ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். ஒவ்வொரு எண்ணும் உண்மைதான் ஐயா. எல்லாத்தையும் சேர்த்து வெச்சா மட்டும் உண்மையா இல்ல. இதை எப்படி எழுதுறதுன்னு எனக்கே தெரியல. நான் படிச்சதுல ரெண்டு விதம்தான் இருக்கு, அளந்தது, அளக்காதது. நீங்க எதுலயும் அடங்க மாட்டேங்குறீங்க.”

அவருக்கும் புரியவில்லை. ஒரு கூடையில் எல்லாப் பழமும் நல்லதாக இருந்து, கூடை மட்டும் அழுகியிருக்குமா? கேட்டால் அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டியைத் திருத்த முடியுமா என்றார். ஆய்வுச் சுருக்கம் கண்காட்சி மலரில் அச்சாகிவிட்டதென்றும், ‘கருத இடமுண்டு’ என்பது தவறில்லை என்று தன் கைடு சொல்லிவிட்டாரென்றும் அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அந்தப் பெண்ணிடம் கோபித்துக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்காமல் அவர் திரும்பினார்.

நிலவியல் மாணவி தானாகவே பம்ப் அறைக்கு வந்தாள். அழுதிருந்தாள். மணிப் பத்தியை விட்டவள் அவள்தான். “மொதல் ரெண்டு பக்கமும் ஆறரை, ஆறரைன்னு இருந்துச்சு அண்ணா. நாலாயிரம் தடவை அதையே அடிக்கணுமான்னு விட்டுட்டேன்.” அவளிடம் கொடுத்த முதல் நோட்டின் அந்த இரண்டு பக்கங்களை அவர் புரட்டினார். ஐந்து இடத்தில் ஆறரை இல்லை. அவள் படித்தது முதல் பத்து வரி மட்டுமே போலும். தன்னுடைய பத்தொன்பது ஆண்டும் அவளுடைய பத்து வரியும், யோசிக்காமல் விட்டதில், கூடப் பிறந்தவைபோல அவருக்குத் தோன்றியது. “போம்மா, போய் மணிப் பத்தியையும் ஏத்து” என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 19, பிற்பகல் மூன்று மணிக்கு நிலவியல் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். இப்போதைய பொறியாளரும் அங்கே இருந்தார். வேலைக்கு வந்து இரண்டு ஆண்டு ஆனவர். துறைத் தலைவர், இவர் கொண்டுபோயிருந்த உறுதிமொழி நகலைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எதிரே நின்றவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

“உக்காருங்க சென்டிமீட்டர். நீங்க பொய் எழுதல. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல.”

“அப்போ நோட்டை எடுத்துப்பீங்க.”

“அங்கதான் இடிக்குது. இதை என்ன தலைப்புல வைக்கிறது? தண்ணியோட பதிவுன்னு வெச்சா, நாளைக்கு எவனாவது எட்டு மட்டும் ஏன் எகிறுதுன்னு எங்களைக் கேப்பான். உங்களோட பதிவுன்னு வெச்சா, அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல, உளவியல்.”

“மொத மூணு வருஷ நோட்டுல ஏழு இருக்கு சார். பக்கம் போட்டுக் காட்டுறேன்.”

“இருக்கும். அதான் இன்னும் குழப்பம். நீங்க ஆபீஸ் உத்தரவுப்படி செஞ்சீங்கன்னு அவங்க எழுதிக் குடுத்தா, அந்தக் காகிதத்தை நோட்டோட சேர்த்து வெச்சிடலாம். படிக்கிறவனுக்கு விஷயம் தெரிஞ்சிடும். அதுவரைக்கும் ஜனவரி கடிதத்தை நிறுத்தி வைக்கிறேன்.”

எல்லோரும் பொறியாளரைப் பார்த்தார்கள். அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“எங்க ஃபைல்ல இப்படி ஒரு காகிதமே இல்லையே. உங்ககிட்ட இருக்குறது நகல்தானே?”

“கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகல் சார்.”

“நகல் நகல்தான். அசல் எங்க?”

“உங்க ஆபீசுல.”

“இல்லைங்குறேனே.”

“சரி சார். இனிமே ஏழு வந்தா எழுதவா, வேண்டாமா?”

பொறியாளர் பெருந்தன்மையோடு கையை விரித்தார். “உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க.”

அவரிடம் சொல்லக் கூடாத ஒரே பதில் அது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், மெமோ கொடுத்திருந்தால் கோப்பில் வைத்திருப்பார். தனக்குச் சரியென்று பட்டதைச் செய்துதான் இந்தப் பாடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அறையை விட்டு வெளியே வந்தபோது, விஷயம் கேள்விப்பட்ட உளவியல் மாணவர் ஒருவர் தாழ்வாரத்தில் காத்திருந்தார். வாக்குறுதியை நீண்டகாலம் கடைப்பிடிப்பவர்களைப் பற்றிய ஆய்வாம். நீட்டிய ஒப்புதல் படிவத்தை இவர் நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இதுல நான் என்ன தப்பு செஞ்சேன்னு கண்டுபிடிச்சிச் சொல்லுவீங்களா?”

“தப்பு சரி எல்லாம் நாங்க பார்க்க மாட்டோம் சார்.”

படிவத்தைக் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பின் நான்கு வாரம் கிணறு அவருக்கு விட்டுக்கொடுத்தது. ஆறில் முடிந்தது, ஒன்பதில் முடிந்தது, ஒரு வாரம் முழுக்க இரண்டையும் மூன்றையும் சுற்றிக்கொண்டிருந்தது. பத்து நாளைக்கு ஒரு தடவை வரவேண்டியது இருபத்தேழு நாள் வரவில்லை. எந்தக் குண்டின் சத்தத்தை இருபத்திரண்டு ஆண்டு ஆசையோடு கேட்டாரோ, அதற்கு இப்போது பயந்தார்.

ஏப்ரல் 16, புதன்கிழமை, காலை ஆறு முப்பது. ஆறு மீட்டர் முப்பத்தேழு.

மறுபடி இறக்கினார். முப்பத்தேழு. மூன்றாம் முறை இறக்க வேண்டிய தேவையே இல்லை, இறக்கினார். முப்பத்தேழு.

பதிவேட்டைத் திறந்து தேதியையும் மணியையும் எழுதினார். பேனா மூன்றாம் பத்தியின் மேல் நின்றது. ஏழு என்று எழுதினால், கையெழுத்திட்டு ஏற்கப்பட்ட வாக்கு போகும். அது ரத்து செய்யப்பட்டதாக யாரும் எழுதித் தரவில்லை. அதோடு, ஓய்வு பெறப்போகும் நேரத்தில் பயந்துபோய் ஏழு எழுதத் தொடங்கினான் என்று நாளைக்கு ஒரு மாணவர் இன்னொரு கம்பம் நாட்டலாம். மோட்டாரைப் போட்டுவிட்டு எட்டுக்குக் காத்திருந்தால், ‘கருத இடமுண்டு’ என்பதற்கு அவரே இன்னொரு சாட்சி சேர்த்ததாகும். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தியில் விட்டதுபோல் கிணற்று விளிம்பில் நின்றார். ஆறே முக்கால் ஆனது. ஏழு ஆனது. பெண்கள் விடுதியிலிருந்து தொலைபேசி வந்தது.

“என்ன சென்டிமீட்டர், கரண்ட் இல்லையா? பொண்ணுங்க வாளியோட நிக்கிறாங்க.” விடுதிக் காப்பாளரின் குரல்.

“கரண்ட் இருக்கும்மா.”

“மோட்டார் ரிப்பேரா?”

“மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்னதான் ஆச்சு?”

“அளவு எழுதணும்.”

“எழுதிட்டுப் போடுங்களேன், யாரு வேணாங்குறா?”

யார் வேண்டாம் என்கிறார்கள், யார் வேண்டும் என்கிறார்கள் என்பதுதான் அவருக்கும் தெரியவில்லை. ஏழு ஐந்துக்கு மோட்டாரைப் போட்டார். மூன்றாம் பத்தி காலியாக இருந்தது. நாற்பத்து நான்கு நோட்டுகளில் எழுதப்படாத கட்டம் அது ஒன்றுதான். அன்று காலை பத்து மணிக்கு அவர் பம்ப் அறையிலேயே உட்கார்ந்து, பச்சைக் கோடு இழுத்த தாளில் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு நகல் எடுத்து, அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, தன் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டார். மாலையில் அதை மனைவியிடம் படித்துக் காட்டியபோது அவர் எதையும் திருத்தச் சொல்லவில்லை, கேலியும் செய்யவில்லை.

அந்தக் கடிதத்தின் முடிவுப் பகுதி வருமாறு:

“பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தங்கள் அலுவலகம் ஏற்றுக்கொண்ட எனது உறுதிமொழி இன்றும் செல்லுபடியாகிறதா, இல்லையா? செல்லும் என்றால், அதன்படி நடந்ததற்காக என் பதிவுகள் பொய் என்று கருத இடமுண்டா? செல்லாது என்றால், எந்த நாள் முதல் செல்லாது? இன்றைய நீர்மட்டம் எனக்குத் தெரியும். அதை எழுதும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பது எனக்குத் தெரியவில்லை. நான் ஓய்வு பெற நாற்பத்தைந்து நாட்கள் உள்ளன. நோட்டுகளை நிலவியல் துறை ஏற்பதும் மறுப்பதும் தங்கள் விடையைப் பொறுத்தது என்று துறைத் தலைவர் கூறியுள்ளார். நேரில் கூப்பிட்டு விளக்க வேண்டாம், தொலைபேசியிலும் வேண்டாம், எனக்குச் சரியென்று படுவதைச் செய்யச் சொல்லவும் வேண்டாம். மேற்கண்ட மூன்று கேள்விகளுக்கும், தனித்தனியாக, தேதியும் கையொப்பமும் இட்டு, எழுத்துமூலம் பதில் தருமாறு கோருகிறேன்.”